டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள்: தமிழ்நாட்டு நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்களுக்கு உங்கள் நிறுவனத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: செக்யூரிட்டி. அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஒரு ஹவில்தாரின் மகள். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம் உண்டு. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் அதை மிலிட்டரிப் பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும், மூடியில் வெள்ளை பெயிண்டில் ஆர்மி நம்பரும் பெயரும் எழுதி.

அப்பா 1996-இல் சேர்ந்தார். அப்போது அவருக்கு 19 வயது. ஐ.டி.ஐ. முடித்திருந்ததால் இ.எம்.இ. பிரிவு கிடைத்தது. ராணுவத்தின் வண்டிகள், பீரங்கிகள், ரேடார்கள், கருவிகள் எல்லாவற்றையும் ஓடும் நிலையில் வைத்திருப்பது அந்தப் பிரிவின் வேலை. செகந்திராபாத்தில் பயிற்சி, அப்புறம் வண்டி மெக்கானிக். 24 வருடம் அதே வேலைதான். பதக்கம் வாங்கிய கதையோ துப்பாக்கியால் சுட்ட கதையோ அவரிடம் இல்லை. அவர் சொல்வதெல்லாம் வண்டிக் கதைகள்.

அதில் லடாக் கதையை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா இருந்த காலத்தில், குளிர்காலத்தில் சோஜி லா கணவாயில் பனி மூடிக்கொண்டால் லே நகருக்குப் போகும் சாலை மாதக்கணக்கில் அடைபட்டுவிடும். அதனால் அங்கே இருக்கிற துருப்புகளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, குண்டு எல்லாவற்றையும் கோடையிலேயே ஏற்றி முடித்துவிட வேண்டும். சாரி சாரியாக கான்வாய் போகும். பெரும்பாலும் ஸ்டாலியன் லாரிகள். நம்ம அசோக் லேலண்ட் வடிவமைத்து, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகக் கட்டப்பட்டவை. வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிற அத்தனையும் நிற்கும். அதைக் கிளப்புவதும், கிளம்பாவிட்டால் இழுத்து ஓரம் கட்டுவதும் ரெகவரி குழுவின் பொறுப்பு. அப்பா அந்தக் குழுவில் இருந்தார்.

கர்துங் லா கணவாய் 17,500 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்து கிடப்பதால் எஞ்சினுக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைக்காது. டீசல் முழுசாக எரியாமல் கரும்புகை தள்ளும், இழுவை குறையும். குளிரில் பேட்டரி பாதி உயிரோடுதான் இருக்கும். டீசலில் இருக்கிற மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்குக்கென்று குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டு வந்ததே 2019 நவம்பரில்தான். அதற்கு முன்னால் ராத்திரியில் எழுந்து எழுந்து எஞ்சினை ஓடவிட்டு உறையாமல் பார்த்துக்கொள்வார்களாம். கையுறை போட்டால் சின்ன நட்டைப் பிடிக்க முடியாது. கழற்றினால் ஸ்பேனரின் இரும்பு தோலில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் உணர்வு சரியாக இல்லை. சட்டைப் பொத்தான் போடும்போது நடுவிரலைத்தான் பயன்படுத்துவார். கேட்டால், அது அப்படியே பழகிவிட்டது என்பார்.

அவரை ஒரு குடும்பஸ்தராகவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு, அதுவும் யூனிட்டில் ஆள் இருந்தால்தான். காட்பாடியில் ஹிம்சாகர் ரயிலிலிருந்து இறங்கி வருகிற மனுஷன் மறுநாள் காலையில் எங்கள் ஸ்கூல் ஷூக்களை வரிசையாக வைத்து பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அடுப்படியில் ஓய்வு. மாவு பிசைந்து சப்பாத்தி போடுவது அவர்தான், வட்டம் பிசகாது. பக்கத்து நிலத்து மோட்டார், அத்தை வீட்டு மிக்ஸி, தெருமுனை டெய்லரின் தையல் மிஷின் எல்லாம் அவர் லீவில் வரட்டும் என்று காத்திருக்கும். எனக்குப் பேறுகாலம் வரை எதற்கும் அவர் பக்கத்தில் இருந்ததில்லை. ஆனால் ஒரு மாதம்கூட வீட்டுக்குப் பணம் வராமல் இருந்ததில்லை.

2020-இல் 43 வயதில் ஓய்வு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ராணுவ வீரரின் பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. வீடு கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ அதில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கியிருந்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். பெரும்பாலான ஜவான்கள் 35-லிருந்து 45 வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 60,000 பேர். வங்கி மேலாளருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ பொறுப்பு கூடுகிற வயதில் இவர்களுக்கு வருமானம் பாதியாகிறது. பிள்ளைகள் பிளஸ் டூவிலோ கல்லூரி வாசலிலோ நிற்கிற நேரம் அது.

அப்பா சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். நானும் கூடப் போனேன். பிளாஸ்டிக் ஃபைலில், ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுக்கிற டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் ஒருவரின் டிரேடு (அவர் செய்த தொழில்), படித்த கோர்ஸ்கள், உடல்தகுதி, எந்த சிவில் வேலைக்கு அவர் டிரேடு ஈடானது என்பது எல்லாம் இருக்கும். நடத்தை என்ற இடத்தில் அப்பாவுக்கு ‘எக்ஸெம்ப்ளரி’ என்று எழுதியிருந்தது. ராணுவம் தருகிற மிக உயர்ந்த மதிப்பீடு அதுதான். எதிரே உட்கார்ந்து நேர்காணல் செய்த தம்பி புத்தகத்தைத் தொடவில்லை. “டிப்ளமோ இருக்கா சார்? வயசு 35-க்குள்ளதான் எடுக்கிறோம்” என்றார். அப்புறம், மரியாதையாகத்தான், ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் நம்பரை எழுதிக் கொடுத்தார். அப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

அந்த ஏஜென்சி மூலமாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12 மணி நேர ஷிஃப்ட். அங்கே ஜெனரேட்டர் கிளம்பாமல் போனால் ஏர் லாக் எடுத்து ஓட வைப்பதும் இவர்தான். சர்வீஸ் கம்பெனிக்குக் கொடுக்கிற பணம் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்க, கேட்டில் நிற்கிறவர் கீழே இறங்கிப் போய் சரி செய்துவிட்டு மறுபடியும் வந்து ரெஜிஸ்டரில் வண்டி நம்பர் எழுதுவார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. எனக்கு இருக்கிறது.

காவல் வேலை குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பிச் செய்கிறவர்கள் உண்டு. 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ போன்ற அரசு நிறுவனம் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு அதனால்தான் சோறு போடுகிறது. எல்லோருக்கும் அந்த ஒரு கதவு மட்டும் திறந்திருப்பதுதான் என் கேள்வி. ராணுவத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களின் கணக்கைத் தணிக்கைக்குத் தயாராக வைத்திருந்தவர். சிக்னல்ஸ்காரர் மலை உச்சியில் தொடர்பு அறுந்துபோகாமல் காத்தவர். நர்சிங் அசிஸ்டென்ட் அடிபட்டவரை ஹெலிகாப்டர் வரும்வரை உயிரோடு வைத்திருந்தவர். இவர்கள் மூவரையும் நான் ஒரே மாலின் கார் நிறுத்துமிடத்தில் விசிலோடு பார்த்திருக்கிறேன்.

அரசு இடஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. ஆனால் 2021 நிலவரப்படி உண்மையில் அந்தப் பணிகளில் இருந்தவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. அதை அரசிடம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். தனியாரிடம் நான் ஒதுக்கீடு கேட்கவில்லை. ஒரு டிரேடு டெஸ்ட் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழுதான எஞ்சினை முன்னால் வைத்து, ஒரு மணி நேரம் கொடுத்து, பக்கத்தில் உங்கள் ஷாப் ஃப்ளோர் ஃபோர்மேனை நிறுத்துங்கள். சான்றிதழும் வயதும் அதற்கப்புறம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர், கோவை என எங்கே போனாலும் இன்று உங்கள் தளத்தில் வேலை செய்கிறவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கும் உங்கள் மேற்பார்வையாளர்களுக்கும் நடுவே மொழி ஒரு சுவராக நிற்பதாக நீங்களே சொல்கிறீர்கள். என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பாரக்கில் தூங்கியவர், ஒரே லங்கரில் சாப்பிட்டவர். பாதுகாப்பு விதியை ஏன் மீறக்கூடாது என்று இந்தியில் புரிய வைக்கவும் தெரியும், வீட்டு ஞாபகத்தில் வேலையில் கவனம் சிதறுகிற 20 வயதுப் பையனைத் தோளில் கை போட்டுத் தேற்றவும் தெரியும். இப்படி ஒரு ஷிஃப்ட் சூப்பர்வைசரை எந்தக் கல்லூரி வளாகத் தேர்வில் பிடிப்பீர்கள்?

2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த ராமநாதபுரம் ஹவில்தார் பழனியை நாம் எல்லோரும் அறிவோம். 40 வயது, 22 வருட சர்வீஸ், இரண்டு பிள்ளைகள், ஊரில் ஆசையாகக் கட்டிய புது வீடு. நாடு அவருக்கு வீர் சக்ரா கொடுத்தது, ஊரே அழுதது. அதே வயதில், அதே சர்வீஸோடு, ஒரு வீட்டுக் கடனோடு உயிரோடு திரும்பி வருகிறவர்கள்தான் உங்கள் அலுவலக வரவேற்பறையில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி இந்தக் கூட்டம் பெரிதாகும். 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு வருடம்தான். நான்கில் ஒருவர் வரை ராணுவத்திலேயே தொடரலாம். மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். முதல் அணியின் நான்கு வருடம் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள். இவர்களையும் கேட்டில் நிறுத்தப் போகிறீர்களா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

மாவட்டத் தலைநகரங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. வேலை தேடுகிறவர்களின் பெயரும் டிரேடும் அங்கே பதிவாகியிருக்கும். உங்கள் காலிப்பணியிட விளம்பரத்தை அங்கேயும் ஒரு பிரதி அனுப்புங்கள். பராமரிப்பு, கிடங்கு, போக்குவரத்து, பயிற்சி, பாதுகாப்பு மேலாண்மை ஆகிய பணிகளுக்கு முன்னாள் படைவீரர் என்றால் வயது வரம்பைத் தளர்த்துங்கள். நேர்காணலில் உட்காருகிறவருக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற சுபேதார் யாரையாவது அழைத்தால் மகிழ்ச்சியாக வந்து சொல்வார், காசுகூட கேட்கமாட்டார்.

அப்பாவுக்கு வேலை கேட்டு இதை எழுதவில்லை. சிக்னல்ஸில் இருக்கிற எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வருகிற பங்குனியில் ஓய்வு பெற்று வருகிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாவது. உங்களில் யாரோ ஒருவருக்கு அவருடைய விண்ணப்பம் வரும். அவரை உட்கார வைத்து, புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, உங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மகள்