பின்விளைவுகளை மறைக்காமல் பகிர்ந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். லென்ஸ் பை கிழிந்த அல்லது தளர்ந்துபோன கண்ணில் செயற்கை லென்ஸை விழிவெண்படலத்தில் பொருத்தும்போது நேரும் சிக்கல்கள் பற்றிய எங்கள் பயிற்சிக் கையேடு நிறைவடைந்துவிட்டது. துணைநின்ற எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, சரியாக அமையாத அறுவைகளின் வீடியோக்களை வெட்டாமல் அனுப்பித் தந்த மருத்துவர்களுக்கு. நல்லபடியாக முடிந்த வீடியோக்கள் தேடினால் கிடைத்துவிடும். இவை கிடைப்பதுதான் அரிது. லென்ஸின் இரு கம்பிக் கால்களை (ஹாப்டிக்) தையலின்றி வெண்படலத்தில் பொருத்தும் யமானே முறையில், மெல்லிய 30 கேஜ் ஊசிகள் இரண்டும் கருவிழியும் வெண்படலமும் சேரும் விளிம்பான லிம்பஸிலிருந்து 2 மி.மீ. தள்ளி, நேரெதிரே, ஒரே சாய்வில் நுழைய வேண்டும். ஒரு பக்கம் விலகினால் லென்ஸ் சாய்ந்துவிடும்; கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாமல் போகலாம். ஹாப்டிக் நுனியை உருக்கி ஆக்கும் குமிழும் அப்படித்தான். சிறிதாக இருந்தால் ஹாப்டிக் உள்ளே நழுவும். வெண்படலத்துக்குள் புதையாமல் மேலே துருத்தி நின்றாலோ, மேல்சவ்வை அரித்து வெளியே வரும். அந்த வழியாகவே கிருமி உள்ளே போகும். உங்கள் வீடியோக்களில் குமிழ் தெரியும் நொடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் அந்த அத்தியாயத்தையே எழுதினோம். பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஹாப்டிக் ஊசித்துளைக்குள் நுழையும்போது வளைந்து முறிவதும், பி.வி.டி.எஃப். என்ற நெகிழ்வான பிளாஸ்டிக்கால் ஆன ஹாப்டிக் அதைத் தாங்குவதும் அவற்றில் தெளிவாகவே தெரிகின்றன.

2007-இல் அமர் அகர்வால் தொடங்கிய ஒட்டுமுறையில் தேர்ந்தவர்கள் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்கள்: ஃபைப்ரின் என்ற திசுப்பசை, வெண்படலத்தில் வெட்டி உயர்த்திய மடலை மூடத்தான்; லென்ஸைப் பிடித்து நிறுத்துவது வெண்படலச் சுரங்கத்துக்குள் செருகிய ஹாப்டிக். செருகிய நீளம் போதாவிட்டால் எவ்வளவு பசை வைத்தாலும் லென்ஸ் நகரும்.

பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்த பதிவறை ஊழியர்களுக்குத் தனி நன்றி. லென்ஸை வெண்படலத்தோடு தைக்கும் மிக மெல்லிய 10-0 பாலிப்ரொப்பிலீன் நூல் பல ஆண்டுகள் கழித்து நைந்து அறுந்து லென்ஸ் சரிவதை அந்தக் கோப்புகள் இல்லாமல் காட்டியிருக்க முடியாது. அதைவிடத் தடித்த 9-0 நூலையோ கோர்-டெக்ஸ் என்ற வலுவான நூலையோ பலர் இப்போது நாடுவதற்குக் காரணம் இதுதான்.

உறையைப் பிரிக்குமுன் "மூன்று துண்டு லென்ஸ்தானே (லென்ஸும் இரு மெல்லிய ஹாப்டிக்குகளும் தனித்தனியாகச் செய்து இணைத்தது)?" என்று உரக்கக் கேட்கும் செவிலியர்களே, உங்களுக்கும் நன்றி. ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்ஸின் தடித்த ஹாப்டிக், பைக்கு வெளியே, ஐரிஸுக்குப் பின்னுள்ள சல்கஸ் என்ற பள்ளத்தில் அமர்ந்தால், கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸை உரசும். நிறமி உதிரும், ரத்தம் கசியும், கண் அழுத்தம் ஏறும். அந்த ஒரு கேள்வி இதையெல்லாம் தடுக்கிறது.

லென்ஸ் விளிம்பு கண்பாப்பாவுக்கு முன்னால் வந்து சிக்கியிருப்பதை ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் கண்டு உடனே படமெடுத்து அனுப்பிய ஆப்டோமெட்ரிஸ்டுகளால் (பார்வைப் பரிசோதகர்கள்), ஐரிஸின் முன்னும் பின்னும் அழுத்தத்தைச் சமன்செய்ய அதன் ஓரத்தில் லேசரால் சிறு துளை இடுவதன் பயனைப் படங்களோடு விளக்க முடிந்தது. அறுவை முடிந்து நெடுநாளான பிறகும் மறு பரிசோதனைக்கு வந்து, விழித்திரையின் மையமான மாகுலாவின் வீக்கத்தை ஓ.சி.டி. ஸ்கேனில் பதிவுசெய்ய இசைந்த நோயாளிகளின் பொறுமைக்கு எங்கள் வணக்கம்.

ஐரிஸைக் கவ்வி நிற்கும் ஐரிஸ் கிளா லென்ஸின் பிடி விட்டுப்போன பதிவுகள் மட்டும் இன்னும் குறைவு. வைத்திருப்பவர்கள் அனுப்பினால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்