அண்ணன் வந்துவிட்டார், எல்லோருக்கும் நன்றி

நேற்று விடியற்காலை அண்ணன் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். புருவத்துக்கு மேல் மூன்று தையல், கையில் ஒரே ஒரு பை.

அண்ணன் வேலை பார்த்த கஜகஸ்தானின் தெங்கிஸ் எண்ணெய் வயலில் 2019 ஜூன் 29 அன்று உள்ளூர்த் தொழிலாளர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடித்ததை எல்லோரும் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள், மறுபடி எழுதத் தெம்பில்லை. ஆனால் லெபனான்காரர் ஒருவர் கசாக் பெண்ணோடு எடுத்துப் போட்ட படத்துக்காக மட்டும் அத்தனை பேர் கம்பி தூக்கவில்லை, ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரனுக்குக் குறைந்த சம்பளம் என்ற கோபம் அந்த எண்ணெய் வயலில் ரொம்ப நாளாகவே இருந்தது என்று அடிபட்டு வந்த அண்ணனே சொல்கிறார்.

கேன்டீனில் சூப் ஊற்றும் கசாக் அம்மா ஒருவர். அண்ணனோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அண்ணன் ரத்தத்தோடு ஓடிவர, கையைப் பிடித்து இழுத்து உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குள் தள்ளி, கதவைப் பூட்டி, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டு முறை ஆட்கள் வந்து கத்தினார்களாம், அசையவில்லை. அப்புறம் பால் ஊற்றிய டீ கொடுத்து, "பாலாம், பாலாம்" என்றாராம். அத்திராவ் நகரில் உரால் ஆற்றுப் பாலம் இருக்கிறதே, ஒரு கரை ஆசியா, மறு கரை ஐரோப்பா, அங்கே போகச் சொல்கிறார் என்று அண்ணன் நினைத்துவிட்டார். "என் பிள்ளை" என்று அர்த்தமாம். அந்தக் கேன்டீன் அம்மாவின் போனிலிருந்துதான் எங்களுக்கு அன்றிரவு அழைப்பு வந்தது. எங்கள் அம்மாவுக்கு அந்த நம்பரை அழிக்க மனசில்லை.

தூதரகத்தில் போன் எடுத்தவர்கள், நிமிஷத்துக்கு நிமிஷம் தகவல் போட்ட மலையாளி நண்பர்கள், அம்மாவைத் தனியாக விடாத தெருக்காரர்கள், டிக்கெட்டுக்குக் கடன் கொடுத்த மாமா, எல்லோருக்கும் நன்றி.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது கர்நாடக எல்லை அத்திப்பள்ளியிலிருந்து தமிழ்நாட்டு எல்லை ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தவன் நான். அப்படியிருந்தும் மாங்கூழ் ஃபேக்டரியில் என்னோடு பெட்டி தூக்கும் ஒடிசா பையன்களை இரண்டு சீசனாக "ஏய் இந்தி" என்றுதான் கூப்பிட்டு வந்தேன், அவர்கள் பேசுவது இந்தியே இல்லை. இனி கூப்பிட மாட்டேன். இன்று மதியம் அவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், இரண்டு பேர் பெயர் தெரிந்தது, மூன்றாமவன் சொன்னது இன்னும் வாயில் நுழையவில்லை.