உத்தரம் எங்கே இருக்கு?

தக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே விடாத மழை. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், காலையில் ஆள் நடமாட்டமே இல்லை. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ எப்போது ஊருக்கு வருவாய் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

போர்ட்டிகோ கூரை மெயின் கூரையோடு சேரவே மாட்டேன் என்கிறது, ரெவிட் வரைபட சாஃப்ட்வேரில் மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் குலசேகரம் வீடுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் நானும் சரியாக அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர் வீடு. மெயின் கூரைக்கு 30 டிகிரி சரிவு. முகப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று போர்ட்டிகோவுக்கு மட்டும் 45 கேட்டார். நான் இரண்டையும் ஒரே பீம் மட்டத்தில் வைத்து, இரண்டுக்கும் 75 சென்டிமீட்டர் வெளியே நீட்டிவிட்டேன். 30 டிகிரியில் 75 சென்டிமீட்டர் நீண்டால் நுனி 43 சென்டிமீட்டர் இறங்கும். 45 டிகிரியில் 75 முழுசாக இறங்கிவிடும். ஆக, போர்ட்டிகோவின் இறவாணம், அதாவது கூரையின் கீழ்நுனி, மெயின் கூரையின் இறவாணத்தைவிட 32 சென்டிமீட்டர் கீழே தொங்கியது. இரண்டையும் சேர்க்கும் ஜாயின் ரூஃப் கட்டளையைப் போட்டால் மேலே எப்படியோ ஒட்டிக்கொள்ளும், மூலையில் மட்டும் பல் இளிக்கும். நான் முகட்டை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம்.

வேலைக்குப் பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு மூத்த ஆசாரி வந்திருந்தார். லேப்டாப்பைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “உத்தரம் எங்கே இருக்கு?” என்று கேட்டார். கூரையைத் தாங்கும் பீமைத்தான் சொன்னார், முகட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்பீஸ் வாங்கி, பூச்சு காய்ந்திருந்த சிமென்ட் தரையில் உத்தரத்துக்கு ஒரு கோடு போட்டார். அதிலிருந்து ஒரு சரிவு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு சரிவு. பிறகு கழுக்கோல், அதாவது கூரையின் சரிவு மரம், வெளியே நீளும் அளவைக் குறித்தார். அவருக்கு எல்லாம் கோல் கணக்கு. ஒரு கோல் 24 விரல், விரலுக்கு 3 சென்டிமீட்டர். என் 75 சென்டிமீட்டர் அவருக்கு ஒரு கோலும் ஒரு விரலும். “ஒண்ணு, உத்தரத்தைத் தூக்கு. இல்லேன்னா கழுக்கோலை வெட்டு. வேற வழி இல்ல.” இரண்டு கோடும் பிரிந்து போவதைத் தரையில் பார்த்தபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

ரெவிட்டும் அதையேதான் சொல்கிறது. கூரையின் ஸ்கெட்சுக்குள் போனால், இறவாணங்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் அலைன் ஈவ்ஸ் கட்டளை இருக்கிறது. அதில் இரண்டே வழி: உயரத்தை மாற்று, அல்லது நீட்டத்தை மாற்று. நீட்டத்தைக் குறைத்தால் போர்ட்டிகோவுக்கு 43 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்கும் நம் ஊருக்கு அது போதாது. சாரல் தூணை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் போர்ட்டிகோ பீமை 32 சென்டிமீட்டர் உயர்த்தினோம். தூண்கள் கொஞ்சம் நெடுநெடுவென்று நிற்கின்றன, ஆனால் அழகாகத்தான் இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கூரையையும் தனித்தனியாகப் போட்டு ஜாயின் செய்வதை முதலில் நிறுத்து. முடிந்தவரை ஒரே ஃபுட்பிரிண்ட் ஸ்கெட்சில், அதாவது கூரையின் சுற்றுக்கோட்டு வரைபடத்தில், எல்லா இறவாணக் கோடுகளையும் வரை. ஒவ்வொரு கோட்டுக்கும் தனிச் சரிவு கொடுக்கலாம், உயரமும் தனியாகக் கொடுக்கலாம். முகடு, இரண்டு சரிவுகள் உள்மூலையில் சந்திக்கும் பள்ளம் எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். பள்ளம் பிளானில் 45 டிகிரியில் வரவில்லையே என்று பயப்படாதே. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இருந்தால்தான் 45. குலசேகரம் வீட்டில் 30-க்கும் 45-க்கும் நடுவில் வந்த பள்ளம், போர்ட்டிகோ இறவாணத்தோடு 30 டிகிரியில்தான் நின்றது. அதுதான் சரியான கணக்கு.

அப்புறம், ராஃப்டர், ட்ரஸ் என்று ஒரு சின்னத் தேர்வு இருக்கிறது, கவனித்தாயா? சுவரைப் பிக் செய்து போட்ட கூரையில், ட்ரஸ் என்றால் சுவரின் வெளிமுகத்திலிருந்து உயரம் எடுக்கும், ராஃப்டர் என்றால் உள்முகத்திலிருந்து. 23 சென்டிமீட்டர் சுவரில், 30 டிகிரியில், அதை மாற்றினால் மொத்தக் கூரையும் 13 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். உன் இரண்டு கூரையிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கும் முன்னால் செய்த ஒரு வீட்டில், கூரை எல்லாம் பிசிறில்லாமல் சேர்ந்திருந்தது. ஆனால் ஒரு பள்ளம் நேராக மாடிப்படி அறையின் சுவரில் போய் முட்டியது. ஸ்கிரீனில் அது குற்றமாகவே தெரியவில்லை. ஐப்பசி மழையில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஓட்டுக்கு அடியில் ஏறி, படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு படியிலும் ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு சுவரை ஒட்டி முதுகு போல ஒரு சின்ன இருசரிவுக் கூரை வைத்துத் தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டோம். அன்றிலிருந்து கூரை பிளானில் நீலப் பேனாவால் தண்ணீர் போகும் வழியை அம்புக்குறி போடாமல் நான் எந்த வரைபடத்தையும் வெளியே அனுப்புவதில்லை. சாஃப்ட்வேருக்கு மழை தெரியாது, மக்கா.

போன வாரம் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். பாலிடெக்னிக் படிக்கும்போது எத்தனை தடவை போயிருப்போம்! 1956-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைக் கேரளம்தான் பராமரிக்கிறது என்று அவளுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். முற்றத்தில் நின்று இந்த முறை கூரைகளை மட்டும் பார்த்தேன். பல இடங்களில் ஒரு கூரை இன்னொன்றுக்குள் நுழைவதே இல்லை. அதன் இறவாணத்துக்குக் கீழே ஒதுங்கி நிற்கிறது. உத்தரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பள்ளமே வேண்டாம், ஒழுகவும் வழியில்லை. உன் போர்ட்டிகோவுக்கும் இது ஒத்துவருமா என்று யோசித்துப் பார். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஃபைலை அனுப்பு, பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் ஒவ்வொரு பீமும் எந்த மட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு நீட்டம், எவ்வளவு சரிவு என்று எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு வந்தால் ஆசாரியிடம் கூட்டிப்போகிறேன். உன்னிடமும் முதலில் அதைத்தான் கேட்பார்.

உன்
பழைய ரூம்மேட்