சர்வர்களுக்கு அனுமதி ரோல் தருவதாக ஒப்புக்கொண்டு, காலாவதியாகும் டோக்கனை வைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
ஆன்லைன் ஆர்டர் மென்பொருள் நிறுவனத்தின் நிர்வாகி,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கிளவுட் பராமரிப்பு நிறுவனம்.

பொருள்: பிரைவேட் இமேஜ் ரெஜிஸ்ட்ரிக்கான (எங்கள் மென்பொருள் தொகுப்புகளான இமேஜ்களை வைத்திருக்கும் தனிக் கிடங்கு) அனுமதியைத் தவறாக அமைத்தது

ஐயா,

வணக்கம். எங்கள் சர்வர் கூட்டமான குபெர்னெட்டிஸ் கிளஸ்டரைப் பராமரிப்பது நீங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பள வியாபாரிகளும் திருநெல்வேலி டவுன் அல்வாக் கடைக்காரர்களும் வெளியூர் ஆர்டர் எடுப்பது அதில் ஓடும் எங்கள் மென்பொருளில்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம், வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில், ஆர்டர் பக்கம் திணறி நின்றது.

கூட்டம் ஏறியதும் புது நோட்கள் (சர்வர்கள்) தானாகவே சேர்ந்தன. ஆனால் அவற்றில் மென்பொருளை ஓட்டும் பாட் ஒன்றுகூட எழவில்லை. எல்லாம் இமேஜ்புல்பேக்ஆஃப், அதாவது இமேஜை இறக்க முடியவில்லை, என்றே கிடந்தன. உங்கள் உதவி மையத்தில் கேட்டால், "இமேஜ் பேரு தப்பா இருக்கும், பார்த்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்கள். அதே பெயரில் அதே இமேஜ் பழைய நோட்களில் ஓடிக்கொண்டிருந்ததே! அங்கே அது ஏற்கெனவே இறங்கியிருந்ததால் ரெஜிஸ்ட்ரியிடம் போகவேண்டிய தேவை வரவில்லை. புது நோட் போய்க் கேட்டது, மறுப்பு வந்தது. ரெஜிஸ்ட்ரிக்குள் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் காலாவதி என்று ஈவென்ட் பதிவிலேயே இருந்தது. அதைப் படித்துப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ரெஜிஸ்ட்ரியான அமேசான் ஈசிஆர் தரும் டோக்கனுக்கு ஆயுள் 12 மணி நேரம். அதை ஒரு சீக்ரெட்டில் (கிளஸ்டர் ரகசியங்களை வைக்கும் இடம்) போட்டு, புதுப்பிக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான்ஜாப் எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த ஜாப் நின்றுபோனது உங்களுக்கே தெரியவில்லை. அதைவிட மோசம், அது அமேசானில் நுழையப் பயன்படுத்தும் அக்சஸ் கீ உங்கள் ஊழியர் ஒருவருடையது. அந்தக் கீ கையில் கிடைத்தால் எங்கள் இமேஜை இறக்கலாம், அதன் இடத்தில் வேறொன்றை ஏற்றவும் செய்யலாம். அதுவும் ஒரு சீக்ரெட்டில்தான் கிடக்கிறது. படிக்க உரிமை உள்ள எவரும் பேஸ்64 என்ற அதன் எழுத்து வடிவத்தை ஒரு நொடியில் பிரித்துவிடுவார்கள். எங்களை நம்பி ஆர்டர் போடுகிறவர்களின் வீட்டு முகவரிகள் இருக்கும் இடம், ஐயா, அந்தக் கிளஸ்டர்.

நோட்களின் ஐஏஎம் ரோலுக்கே (அமேசானில் நோட்டுக்குரிய அனுமதி அடையாளம்) ஈசிஆரைப் படிக்கும் அனுமதி தருவதாகத்தான் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அப்படிச் செய்திருந்தால் ஒவ்வொரு நோட்டிலும் இயங்கும் கியூப்லெட், தேவைப்படும்போது தானே டோக்கன் வாங்கிக்கொள்ளும். புது நோட்டும் அதே ரோலோடுதான் வந்து சேரும்.

பொங்கல் ஆர்டர்கள் தொடங்கும் முன் ரோலுக்கு அனுமதி கொடுங்கள். அப்புறம் சீக்ரெட்டுகளை கிளஸ்டரின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் (நேம்ஸ்பேஸ்) நீக்கிவிட்டு, ஒரு புது நோட்டில் இமேஜ் இறங்குவதை எங்கள் முன்னால் காட்டுங்கள். அக்சஸ் கீயை மட்டும் இன்றே ரத்து செய்யவேண்டும். அது எங்கெங்கே பயன்பட்டது என்ற கிளவுட்டிரெயில் பதிவும் எங்களுக்கு வேண்டும். அந்த வாரத்துக்கான பராமரிப்புக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாகி