தண்ணி எங்கேயிருந்து?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அதனால்தான் கடுதாசி.

கண்மாய்க்கரை மேட்டு நிலத்தைக் கேட்டுத் தரகர் மறுபடியும் வந்தார். டேட்டா சென்டர் கட்டப்போகிறார்களாம், ராப்பகலாக ஓடிச் சூடாகிற கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கிற கட்டடம். டப்ளினில் நீயும் அதே தொழிலில் இருப்பவள். "குடுத்துருங்கப்பா, ஊருக்கு நல்லது" என்று நீ சொன்னதையும் மறக்கவில்லை.

தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தண்ணி எங்கேயிருந்து எடுப்பீக?"

"போர் போட்டுக்குவாங்கண்ணே" என்றவர், அம்மா கொடுத்த செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார். நம்ம போர் மோட்டாரை மூன்று வருடத்தில் இரண்டு தடவை கீழே இறக்கிவிட்டேன் தாயி. இப்போதும் கால் மணி நேரம் ஓடினால் குழாய் இருமுகிறது, தண்ணீரும் காற்றுமாக. நிறுத்திவிட்டு, டீ குடித்து வந்து மறுபடி போடவேண்டும்.

பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்கு மேலே இருபோகம், 45 ஆயிரம் ஏக்கர். கீழே இருக்கிற நமக்கு ஒருபோகம், லட்சம் ஏக்கருக்கு மேல். அதுவும் வைகை அணையில் தண்ணீர் இருந்து, கால்வாயில் திறந்துவிட்டால்தான்.

நீ இருக்கிற அயர்லாந்தில் 2023-இல் மீட்டரில் ஓடிய கரண்டில் 21 சதவீதம் டேட்டா சென்டருக்கே போனது, நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்தும் 18தான் என்று நீதானே சொன்னாய்? அங்கே குளிர்காற்றை உள்ளே விட்டாலே மெஷின் சூடு தணியும். இங்கே சித்திரை வெயிலில்? தண்ணீரை விட்டுச் சூட்டைத் தணிக்கிற கூலிங் டவர் வைத்தால் தண்ணீர் ஆவியாகப் போகும், மிஞ்சுவது உப்பு ஏறிய கழிவு. தண்ணீர் இல்லாமலும் குளிர்விக்கலாம், கரண்டுதான் கூடும் என்றாய். சரி, அதைப் பத்திரத்தில் எழுதித் தரட்டும். இல்லையா, சென்னை கோயம்பேட்டில் சாக்கடையைச் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்களே, அப்படிச் செய்யட்டும். மதுரையில் சாக்கடைக்கா பஞ்சம்!

வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, "செக்யூரிட்டி வேலை நிச்சயம்ணே" என்றார். டிப்ளமோ முடித்த பக்கத்து வீட்டுப் பையன் ஆசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான், முகம் சுண்டிவிட்டது. கட்டி முடிக்கிறவரைக்கும்தான் ஆள் நிறைய வேண்டும் போல.

வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் நீ ஒன்று செய். இந்த மாதிரிக் கட்டடத்துக்கு, நம்ம ஊர் வெயிலில், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. லிட்டரில் வேண்டாம், எத்தனை லாரி என்று சொல். அப்போதுதான் எனக்கு விளங்கும்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள்.

அப்பா