ரோமுக்கு வரும் மகனுக்கு

பலெர்மோ,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய ரோம் பயணத் திட்டத்தை அப்பாவும் நானும் ஆறுதலாக இருந்து வாசித்தோம். சித்திரையில் நான்கு நாள், நீயும் மருமகளும். எங்களுக்குச் சரியான சந்தோஷம். ஆனால் முதல் நாளிலேயே கொலோசியம், வத்திக்கான், திரேவி நீரூற்று என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, சாப்பாட்டுக்கு நேரே 'கிடைக்கிற இடத்தில்' என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்று. ரோமில் மத்தியானச் சாப்பாட்டை முதலில் குறித்துவிட்டு, பார்க்கிற இடங்களை அதற்கு ஏற்றபடி வைக்க வேண்டும். அங்கே பெரும்பாலான உணவகங்கள் பன்னிரண்டரைக்குத் திறந்து மூன்று மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும். பிறகு இரவு ஏழரைக்குத்தான். இடையில் பசியோடு அலைந்தால், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற கடைகளில்தான் போய் இருக்க வேண்டும்.

தூதரக வேலையாகப் போய்வந்ததில் ரோம் எனக்குப் பழக்கம். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டை நான் பழகியது இங்கே, வேலை செய்த வீட்டுக் குசினியில். அந்த வீட்டு அம்மா ரோமில் பிறந்து வளர்ந்தவர். பாஸ்தாவில் நாலு வகைதான் ரோம் ஆட்களுக்கு உயிர் என்பார். செம்மறிப் பாலில் செய்த பெக்கோரினோ சீஸும் மிளகும் பாஸ்தா அவித்த தண்ணீரும் சேர்ந்தால் காச்சோ எ பேப்பே. மிளகும் சீஸும் இருக்க, பன்றிக் கன்னத்து இறைச்சியை வதக்கிச் சேர்த்தால் கிரிச்சா. அதில் முட்டை சேர்ந்தால் கார்பொனாரா, தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா. கார்பொனாராவில் கிரீம் ஊற்றுகிற கடையென்றால் எழும்பி வந்துவிடு.

மருமகள் மரக்கறி என்றபடியால் இந்த நாலில் முதலாவதுதான் அவளுக்கு. அதிலும் ஒன்று இருக்கிறது. பெக்கோரினோ ரோமானோ உறைய ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறையைத்தான் போடுவார்கள். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடு. சாப்பிட்ட பிறகு தெரிய வந்தால் பிள்ளை மனம் நொந்துபோவாள். வேண்டாம் என்றால் குறை ஒன்றும் இல்லை. உள்ளியும் மிளகாயும் போட்டு எண்ணெயில் பிரட்டிய சிக்கோரியாக் கீரை எங்கள் வாய்க்கு நன்றாகப் பிடிக்கும். கத்தரிக்கோலால் வெட்டி நிறுத்து விற்கிற பீட்சாவில் தக்காளி மட்டும் பூசியதும் இருக்கும். சாலட் கேட்கும்போது நெத்தலி போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கூனைப்பூ, அதுதான் ஆர்டிசோக். நீங்கள் வருகிற நேரம் அதன் பருவம் முடிய முன்னம்தான். முதல் நாள் மத்தியானம் அதற்காகவே யூதர் குடியிருப்புக்குப் போங்கள். 1555ஆம் ஆண்டு பாப்பரசர் நான்காம் பவுல் யூதர்களை ஆற்றங்கரையோரம் சுவருக்குள் அடைத்து வைத்த இடம் அது. அந்த நெருக்கடியில் வாழ்ந்தவர்களின் கைப்பக்குவம் இன்றைக்கும் நிற்கிறது. முழுப் பூவை எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். வெளி இதழ்கள் மொறுமொறு என்றும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும். யூத மத முறைப்படி சமைக்கிற கோஷர் கடைகள் வெள்ளி இரவும் சனி பகலும் பூட்டியிருக்கும், அதைப் பார்த்து நாளை மாற்று.

அதற்கு முன் காலையில் பந்தியோன். 1900 வருடம் பழைய கட்டடம். உள்ளே ஒரு கம்பிகூட இல்லாத கொங்கிரீட் கூரை, நடுவில் ஒன்பது மீட்டர் அளவில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் அது வடிந்து போக ஓட்டைகள் இருக்கின்றன. மழையென்று அறையில் இருந்துவிடாதே, அன்றைக்குத்தான் போக வேண்டும். பக்கத்திலேயே சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜ்ஜோ தீட்டிய புனித மத்தேயுவின் மூன்று படங்கள். காசு கொடுக்கத் தேவையில்லை.

கொலோசியத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னமே இணையத்தில் எடு. டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். அன்றைக்கு மத்தியானம் தெஸ்தாச்சோ சந்தை. பழைய மாடறுக்கும் கூடம் இருந்த பகுதி அது. மற்றவர்கள் விடுகிற குடலையும் வாலையும் ருசியாகச் சமைக்கிற ஆட்கள் அங்கேதான். அம்மம்மாவின் குடல் கறியை நீ வழித்து வழித்துச் சாப்பிட்டவன், உனக்குப் பிடிக்கும்.

வத்திக்கானுக்கு புதன் காலை வேண்டாம், பாப்பரசரைப் பார்க்க வருகிற சனம் சதுக்கத்தில் நிரம்பியிருக்கும். அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், மருமகளிடம் ஒரு சால்வை இருக்கட்டும். பேதுருவானவர் கோவிலுக்குள் போனவுடன் வலப்பக்கம் பார். இறந்த மகனை மடியில் ஏந்திய மாதா. மைக்கேலாஞ்சலோ இருபத்துநான்கு வயதளவில் செதுக்கியது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நான் போகிற நேரமெல்லாம் அந்த இடத்தில் உன்னை நினைத்துத்தான் மன்றாடுவேன். நீ யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு, நான் இங்கே. எனக்காக அவசரப்படாமல் கொஞ்ச நேரம் நில்.

அப்புறம், நல்ல சப்பாத்தாகப் போட்டு வாருங்கள், தெருவெல்லாம் கருங்கல். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், தெருக்குழாய்கள் 2000க்கும் மேல் இருக்கின்றன, எல்லாம் நல்ல குளிர்ந்த குடிதண்ணீர். பில்லில் பாணுக்கு என்று சிறு தொகை இருந்தால் சண்டை பிடிக்காதே, அது அங்கே வழக்கம்.

நாலாம் நாளுக்கு ஒன்றும் எழுதாதே. அன்றிரவு தெர்மினி நிலையத்திலிருந்து பலெர்மோவுக்கு இரவு ரயில் இருக்கிறது. மெசினா நீரிணையில் பெட்டிகளைக் கழற்றி அப்படியே கப்பலில் ஏற்றுவார்கள், படுத்தபடியே கடலைக் கடந்துவிடலாம். விமானத்தை விட்டுவிட்டு அதில் வாருங்கள். அப்பா நிலையத்துக்கு வருவார். படுக்கை டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடும், ஆகவே திகதியை இந்தக் கிழமைக்குள் சொல். மருமகள் முட்டை சாப்பிடுவாளா என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா