டைமர் பாக்ஸ் தானாக ரீசெட் ஆவது பற்றி, நம்ம வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

தோட்டத்து மோட்டாரை வைத்த நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிற நம்ம டைமர் பாக்ஸில் 45 நிமிஷம் வைத்தது 255 என்று காட்டுகிற வீடியோ பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, உங்களில் பலர் எனக்கே அனுப்பிக் கேட்டுவிட்டீர்கள். வீடியோ உண்மைதான். அந்த பாக்ஸ் வைத்திருக்கிற அண்ணன் மஞ்சள் காட்டில் 255 நிமிஷம், அதாவது நாலேகால் மணி நேரம், தண்ணீர் ஓடியதும் உண்மை, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வரப்பு ஒரு பக்கம் கரைந்தே போயிருந்தது. ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே 'பழைய போர்டில் கழற்றின சிப்பைப் போட்டு விற்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

பழைய சிப் ஒன்றுகூட நாங்கள் போட்டதில்லை. பாக்ஸில் இருப்பது ஏடிமெகா328பி, கல்லூரிப் பசங்க கையில் இருக்கிற ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கிற அதே சிப். புதுசாக வாங்கிய பில் எல்லாம் கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். 255 என்பது பழைய சிப்புக்கு அடையாளமே இல்லை. கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்கிற நினைவகத்தில், எழுதாமல் காலியாக இருக்கிற ஒவ்வொரு இடமும் 255 என்றுதான் படிக்கும். இப்போது பெட்டியிலிருந்து எடுத்த புதுச் சிப்பிலும் அப்படித்தான். ஒரு இடத்தில் புதிதாக எழுத வேண்டுமானால் சிப் முதலில் அதை அழித்து 255 ஆக்கிவிட்டு அப்புறம்தான் எண்ணை எழுதும், மொத்தமே 3.4 மில்லி விநாடி வேலை. அந்த இடைவெளியில் வோல்டேஜ் விழுந்தால் அழித்தது அழித்தபடி நின்றுவிடும். அந்த அண்ணன் பாக்ஸில் நடந்தது அதுதான்.

அது ஏன் சரியாக அந்த நேரத்தில் விழுந்தது என்றால், தவறு எங்கள் ப்ரோகிராமில். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது செட்டிங்கை ஒரு தடவை திரும்ப எழுதுகிற மாதிரி வைத்திருந்தோம். ஸ்டார்ட் ஆகும்போதுதான் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், லைன் கடைசியில் இருக்கிற தோட்டத்தில் பல்பே மங்கிப் போகும், பாக்ஸுக்குள் இருக்கிற 5 வோல்ட்டும் சேர்ந்து இறங்கும். இறங்கினால் சிப்பைப் பிடித்து நிறுத்த உள்ளேயே பிரவுன்-அவுட் என்று ஒரு காவல் இருக்கிறது. சிப் வாங்கும்போது அது அணைந்தே வரும், நாம்தான் போட வேண்டும், தை மாதத்துக்கு முன்னால் போன பாக்ஸ்களில் அதைப் போடாமல் விட்டுவிட்டோம். இப்போது 4.3 வோல்ட்டில் போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே போனால் சிப் ரீசெட்டில் நிற்கும், ஏற்கனவே எழுதத் தொடங்கிவிட்டது மட்டும் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கிற கரண்ட்டில் முடிந்துவிடும்.

ரீசெட் ஆனால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள், அப்படி இல்லை. எந்த ரீசெட் ஆனாலும் சிப்பின் கால்கள் எல்லாம் கைவிட்ட நிலைக்குப் போகும், ரிலே விடும், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கான்டாக்டர் சுவிட்ச் விழும், மோட்டார் நிற்கும். ப்ரோகிராம் முதல் வரியிலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருந்த நிமிஷக் கணக்கு ரேமில் இருக்கிறது, அது சிலேட்டு மாதிரி, ப்ரோகிராம் தொடங்கும்போதே துடைத்துவிடும். செட்டிங் ஈஈப்ராமில் இருக்கிறது, பக்கவாட்டு ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அழியாது. கரண்ட் புதிதாக வந்ததா, பட்டன் அழுத்தினதா, லோ வோல்டேஜா, ப்ரோகிராம் மாட்டிக்கொண்டு வாட்ச்டாக் என்கிற உள்காவல் உதைத்து ரீசெட் செய்ததா என்று சிப் தானே குறித்து வைக்கும். புதுப் பாக்ஸில் அந்தக் காரணத்தை டிஸ்ப்ளேயிலேயே காட்டுகிறோம்.

கரண்ட் மூன்று தடவை போய் வந்தால் 45 நிமிஷமும் மூன்று தடவை முதலிலிருந்து ஓடுகிறது என்பது பல்லடம் பக்கத்து அண்ணன்மார் சொல்லும் குறை. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வைக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஒரு இடத்தில் 1,00,000 தடவைதான் எழுதலாம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏழு மாதத்தில் அந்த இடம் தீர்ந்துவிடும். அதனால் புது ப்ரோகிராமில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இடத்தை மாற்றி மாற்றி எழுதுகிறோம். செட்டிங்கையும் இரண்டு இடத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மோட்டாரை ஓட்டாமல் நிற்கிறது. ப்ரோகிராம் எழுதிய தம்பி வேலை மாறிப் போய்விட்டதால்தான் இவ்வளவு தாமதம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வந்த அன்றைக்கே 'எங்க பாக்ஸ் நாலு வருஷமா நல்லா ஓடுது' என்று அதே குரூப்பில் எழுதினீர்களே, ஒவ்வொரு பேரையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். ரொம்ப நன்றி. கடை இன்று நிற்பது உங்களால்தான்.

தை மாதத்துக்கு முன்னால் வாங்கியவர்கள் பாக்ஸைக் கொண்டு வாருங்கள், வாரன்டி முடிந்திருந்தாலும் காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன். மாற்றும்போது பழைய செட்டிங்கும் ஓடிய மணிக் கணக்கும் அழியும், பாக்ஸ் மூன்று நாள் எங்களிடம் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் நானே இருப்பேன்.